ஒரு நேரக் குழம்புக்கான மீன்

அந்தத் தூண்டில் கழி எங்கள் பழைய காரின் முன் கண்ணாடியில் தொடங்கிப் பின் கண்ணாடியில் முடிந்தது. நடுவில் என் காது இருந்தது. நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கி, நாடுகாணி வளைவுகளைக் கடந்து, நிலம்பூர்ச் சமவெளிக்குப் போய்ச் சேரும் வரை, பள்ளத்துக்குப் பள்ளம் அது என் காது மடலை உரசிக்கொண்டே வந்தது. இரண்டாகக் கழற்றி வைக்கிற கழிதான். ஆனால் வருடக்கணக்காகப் பைக்காரா அணைக் குளிரிலேயே கிடந்ததில் நடு மூட்டு இறுகிப்போய், மண்ணெண்ணெய் விட்டும் வெந்நீர் ஊற்றியும் கழலவில்லை. "கீழ போனா வெயிலுக்கு அதுவே உட்டுரும்" என்றார் என் கணவர். ஃபேக்டரி ஃபிட்டரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கழற்றித் தருவாரே என்றேன். அது காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆக, கழி சௌகரியமாக நீட்டிப் படுத்திருக்க, நான் ஒருக்களித்து உட்கார்ந்து கடலுக்குப் போனேன். சில வருடங்களுக்கு முந்திய மே மாதம் அது.

என் கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் மூட்டையாகி லாரி ஏறுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அரைத்த இலை தரையில் பரப்பிக் கிடந்து, பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும்போது, சரியான பதத்தில் அள்ளி டிரையரில் போட வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் புளிப்பு. அவர் கடிகாரம் பார்க்க மாட்டார். ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "போடு" என்பார். மேனேஜர் பக்கத்தில் நின்றாலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. "கேட்டுக் கேட்டு வேலை செய்யறவன் டீமேக்கர் இல்ல" என்பது அவருடைய வாசகம். ஃபேக்டரியில் அதற்குப் பெரிய மரியாதை. வீட்டில் எனக்கு அது தலைவலி. வழி தெரியாத ஊரில் காரை நிறுத்தி ஒரு மனிதரிடம் வழி கேட்க மாட்டார். ஒரு தடவை கோயம்புத்தூரில் கல்யாண மண்டபத்தைத் தேடித் தேடி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தானே என்று நான் சண்டைக்கு நின்றால், "மூணு காலு முயல நீ பாத்ததில்ல புள்ள, அதான்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்காரா. சுற்றுலாப் படகுகள் ஓடுகிற பக்கம் அல்ல. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அணையின் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கரைக்குப் போவார். அங்கே கண்ணாடிக் கெண்டை கிடைக்கும். மண்புழுவும் ராகிக் களி உருண்டையும்தான் இரை. எத்தனையோ ஞாயிறுகள் நானும் கூடப் போய்ப் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோடையில் பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க அணையின் மட்டம் இறங்கும். சிவந்த மண்ணும் பழைய மரக்கட்டைகளும் வெளியே தெரியும். "தண்ணி எறக்கிட்டாங்க" என்று அவர் சொன்னால் நல்ல செய்தி என்று பொருள். காய்ந்த தரையில் உள்ளே வெகுதூரம் நடந்து போய், மீனெல்லாம் ஒதுங்கியிருக்கிற ஆழத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். இறக்கின தண்ணீர் இறக்கினதுதான். ஜூன் மழை பிடித்தால்தான் மறுபடியும் ஏறும். அதுவரை அந்த இடம் நம்முடையது. மலையில் தூண்டில் போடுகிற எல்லோருக்கும் இது பால்பாடம். எனக்கும் அது மனப்பாடமாகியிருந்தது.

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர் மலையாளி. ஓய்வு பெற்று, கோழிக்கோட்டுக்குத் தெற்கே, ஓர் ஆறு கடலில் சேருகிற இடத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வெளியே வந்தபோது, எதிரே கடலோரக் கல்லில் நின்றிருந்த ஒருவர் கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூண்டிலில் தூக்கினார். என் கணவர் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. அதற்குப் பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் கடலில் போய்த்தான் முடியும். ரிட்டயர் ஆனதும் அங்கேயே போய்விட வேண்டும், தினமும் காலையில் மீன் பிடிக்க வேண்டும், கெண்டையெல்லாம் ஒரு மீனா, இப்படி.

அந்த ஏப்ரலோடு அவர் வேலை முடிந்தது. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு வேலை போனால் வீடும் போகும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மழைக்காலம் தொடங்கும் வரை தவணை கொடுத்திருந்தார்கள். அவருடைய முன்னோர்கள் காரமடைப் பக்கத்தில் வைத்திருந்த நிலம் பாகம் பிரிந்து, விற்று, ஒன்றுமில்லாமல் போயிருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கிற மகன், "உங்களுக்கு எங்க புடிக்குதோ அங்க இருங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். ஹெட் கிளார்க் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு இருப்பதாகவும், அதை எங்களுக்காக நிறுத்தி வைத்திருப்பதாகவும் போனில் சொன்னார். இவர் அந்த நிமிடமே மூட்டை கட்டத் தயார். நான் மாட்டேன் என்றேன்.

எனக்குக் காரணம் இருந்தது. நான் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். ஏழெட்டு வயதில், அப்பா ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களை இழுத்துக்கொண்டு கப்பலேறினார். அந்தக் கடலில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் வாந்தியும் அம்மாவின் அழுகையும்தான். இந்தப் பக்கம் இறங்கி, முகாம்களில் கிடந்து, கடைசியில் நடுவட்டத்துக் குளிரில் வந்து விழுந்தோம். "இனிமே நம்ம கால்ல உப்புத் தண்ணி படக் கூடாது" என்று அப்பா அன்று சொன்னதைச் சாகும் வரை கடைப்பிடித்தார். ராமேசுவரத்துக்குக் கூடப் போனதில்லை. எஸ்டேட் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் பாடம் நடத்தி, முழங்கால் வலியால் விருப்ப ஓய்வு வாங்கும் வரை நான் இந்த மலையை விட்டு ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததில்லை. பிடுங்கி நட்ட செடி ஒருவழியாக வேர் பிடித்துவிட்டது. அதை மறுபடியும் பிடுங்கச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

நாள் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் நான்தான் ஒரு பந்தயம் வைத்தேன். "ஒரு வாரம் அங்க போய்த் தங்கலாமுங்க. அதுக்குள்ள ஒரு நேரக் குழம்புக்கு ஆவற மீன உங்க கையால புடிச்சுட்டீங்கன்னா, நான் வாயத் தொறக்காம அந்த ஊட்டுக்கு வந்தர்றேன். புடிக்காட்டி நடுவட்டத்துலயே வாடகைக்குப் பாக்கறோம், அப்பறம் கடலுங்கற பேச்சே எடுக்கக் கூடாது." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு நாள் போதும்" என்றார்.

ஒரு நாள் போதவில்லை. முதல் நாள் காலையில், பால்பவுடர் டப்பாவில் தேயிலைத் தோட்டத்து ஈர மண்ணோடு அடைத்துக் கொண்டுவந்த மண்புழுக்களைப் பெருமையாகத் திறந்தார். வழியில் பட்ட வெயிலிலேயே பாதி செத்திருந்தது. மீதியைக் கொக்கியில் கோத்துக் கடலில் போட்டதும் உப்புப் பட்டு விறைத்து, வெளுத்து, நூல் மாதிரி ஆகிவிட்டது. அதை எந்த மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் இறால் போட்டுத்தான் பிடிக்கிறார்கள் என்று ஹெட் கிளார்க் ஒரு பொட்டலம் கொடுத்தார். "மீனுக்குப் புழுவத் தெரியாதா?" என்று இவர் அதைத் தொடவில்லை. அடுத்த நாள் மதியம், நான் பார்க்காதபோது இறாலைக் கோத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

இறாலுக்கு வந்தது பேத்தை. தூக்கினால் காற்றைக் குடித்து உருண்டையாக ஊதிக்கொண்டு, பல்லை நறநறக்கும் ஒரு மீன். விஷம் என்று யாரும் தின்பதில்லை. அதன் பல் கத்தரிக்கோல்தான். நைலான் நரம்பை வெட்டிவிட்டுக் கொக்கியோடு போய்விடும். கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டியிருந்த தடுப்பின் மேல் நின்று, அவர் ஒரு கொக்கி கட்டுவார், ஒரு பேத்தை வெட்டும். மறுபடியும் கட்டுவார், அடியிலுள்ள பாறைச் சிப்பியில் மாட்டும். இழுத்தால் அறும். அலை எங்கே உடைகிறது, குழி எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கல்லில் நின்று ஒருவர் மீன் மேல் மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். நாலு எட்டு எடுத்து வைத்தால் அவரிடம் பேசலாம். எங்களுக்குக் கூடலூர்ப் பழக்கத்தில் மலையாளமும் நன்றாக வரும். "போய்க் கேளுங்க" என்றேன். "அவங் கைல இருக்கறது வேற மாதிரி கழி" என்றார். கழியிலா இருக்கிறது? அந்த மூட்டு வேறு, வெயிலில் விடும் என்றாரே, உப்புக் காற்றில் இன்னும் இறுகிக்கொண்டது.

நான் மட்டும் என்ன சுகத்தில் இருந்தேன்? மலையில் வளர்ந்த உடம்பு, இரண்டாம் நாளே வேர்க்குரு போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. நடுவட்டத்தில் யார் வீட்டிலும் கிடையாது. அங்கே தலைக்கு மேல் அது கடகடத்துச் சுற்றிக்கொண்டேயிருக்க, எப்போது கழன்று விழுமோ என்று நான் கண்ணை மூடாமல் படுத்திருந்தேன். ஜெயிக்கிறேன் என்ற சந்தோஷமாவது இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. ஒவ்வொரு மாலையும் வெறுங்கையோடு, மூக்கு நுனி தோலுரிந்து, பேசாமல் என் பின்னால் நடந்து வருகிற மனிதரைப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் தோற்பது எனக்கு வேண்டும். ஆனால் இப்படி, ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகிற காரியத்தில் முட்டிக்கொண்டு தோற்பதைச் சகிக்க முடியவில்லை.

கடைசி நாளுக்கு முந்திய சாயங்காலம் ஆற்று முகத்துவாரத்துக்கு நடந்து போய்ப் பார்த்தோம். கரை முட்டத் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை அதே இடத்துக்குக் கழியும் மடக்கு நாற்காலியும் தேநீர் பிளாஸ்க்கும் சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு போனால், தண்ணீரைக் காணோம். நடு ஆற்றில் ஒரு பெரிய மணல் திட்டு வெளியே வந்து காய்ந்து கிடந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில் கணுக்கால் நனைகிற ஓர் ஓடை. திட்டின் அந்தப் பக்கம் நல்ல ஆழம் கறுத்துத் தெரிந்தது. ஒரு வாரமாக வாடியிருந்த முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"பாத்தியா புள்ள. ராத்திரி தண்ணி எறக்கி உட்டுட்டாங்க" என்றார். "இனி மழைக்குத்தான் ஏறும். நம்ம பைக்காரா மாதிரியேதான்."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பொருள் சொன்னவள் நான். ஆனால் மேலே ஓர் அணை இருக்கும், யாரோ ஒருவர் மதகைத் திறந்திருப்பார் என்றுதான் என் புத்தியும் போனது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் அப்படித்தான்; மனிதன் இறக்கினால் இறங்கும், மழை ஏற்றினால் ஏறும். சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடையில் இறங்கினேன். அத்தனை வருடங்களுக்குப் பிறகு உப்புத் தண்ணீர் காலில் பட்டது. அது வெதுவெதுப்பாக இருந்தது.

திட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிளாஸ்க்கை மணலில் குத்தி வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. வெயில் ஏறியது. நடுவட்டத்தில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் கழி வளைந்தது. பேத்தை கடிப்பது போலக் கொறித்துக் கொறித்து அல்ல, ஒரே இழுப்பு. அவர் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்தார். நரம்பு விர்ரென்று போய்க்கொண்டேயிருந்தது. தூரத்தில் ஒரு மீன் தண்ணீரை விட்டு மேலே எழும்பித் தலையை உதறிவிட்டு விழுந்தது. காளாஞ்சி. கல்யாணத்தன்று பார்த்த அதே ஜாதி. அவர் கத்தவில்லை, சிரிக்கவுமில்லை. கொஞ்சம் விட்டார், கொஞ்சம் சுற்றினார், மறுபடியும் விட்டார். அந்த முகத்தை நான் ஃபேக்டரியில்தான் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு பிடி இலையை மூக்கருகே வைக்கிற நேரத்தில். தோற்கப் போகிறேன் என்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த மீன் அறுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று நான்தான் அவரைவிட அதிகமாகத் தவித்தேன்.

மீன் களைத்துத் திட்டோரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளி முதுகு ஆழமில்லாத தண்ணீரில் தெரிந்தது. உதவிக்கு எழுந்திருக்கலாம் என்று காலை ஊன்றினேன். காலுக்குக் கீழே மணல் இல்லை, தண்ணீர் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"ஏனுங்க, தண்ணி ஏறுதுங்க."

"ஏறாது புள்ள. எறக்குன தண்ணி."

"பிளாஸ்க்கு மெதக்குதுங்க."

அதற்குத்தான் அவர் திரும்பினார். பிளாஸ்க் சாய்ந்து மெல்லக் கடலுக்கு எதிர்த்திசையில், ஆற்றுக்குள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் கணுக்கால் நனையக் கடந்து வந்த ஓடை இருந்த இடத்தில் அகலமாக ஓர் ஆறு ஓடியது, அதுவும் கடலிலிருந்து உள்ளே. திட்டு எங்கள் இரண்டு பேர் நிற்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் முகம் எப்படி மாறியது என்பதை என்னால் எழுத முடியாது. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. பைக்காராத் தண்ணீரில் யார் இறங்கி நீச்சல் பழகுவார்கள்?

அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழியில் மீன் இருக்கும் வரை கழி உதவாது. நரம்பை வாயில் வைத்துக் கடித்து அறுத்தார். மீன் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பிறகு வாலை ஓர் அடி அடித்துவிட்டுப் போனது. கழியைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தை முன்னால் குத்தி ஆழம் பார்த்தபடி இறங்கினார். மறு கையில் என் மணிக்கட்டு. இடுப்பு, வயிறு, மார்பு என்று தண்ணீர் வந்தது. நீரோட்டம் சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு இடத்தில் அவரே கழுத்து வரை இறங்கினார்; கழி மட்டும் அடியில் ஊன்றி நின்றது. அவர் விடாமல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பின்னாலயே வா, எம் பின்னாலயே வா." நான் அவர் பின்னாலேயே போனேன். கரை ஏறியபோது என் செருப்பு இல்லை, வாய் நிறைய உப்பு. அவர் என் மணிக்கட்டை விட வெகுநேரம் பிடித்தது. விட்ட பிறகும் அந்த இடம் சிவந்திருந்தது.

செய்தி கேட்டு ஹெட் கிளார்க் ஓடி வந்தார். "டீமேக்கர் சாரே, இது கடலல்லே? ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ எறங்கும். இங்க நண்டுக்குக் கூடத் தெரியும். எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கக் கூடாதா?" என்று தலையிலடித்துக்கொண்டார். என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "டேமுல எறக்குனா எறக்குனதுதானுங்களே" என்றார். அங்கே கூடியிருந்தவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் சிரிக்கவில்லை. நடுவட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தக் கரையில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது.

அன்று சாயங்காலம் நான் நேராகவே சொல்லிவிட்டேன். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. மீன நான் என் கண்ணால பாத்தேன். நான்தான் உங்கள உட வெச்சேன். அந்த ஊட்ட எடுத்துக்கலாமுங்க." கழுத்து வரை கடலுக்குள் போய்த் திரும்பியவளுக்கு அதற்கு மேல் அதனிடம் என்ன பயம்? அப்பா சொன்னது அப்பாவுக்கு. எனக்கு, அந்த மீனை விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த முகம் இன்னும் நூறு தடவை பார்க்கக் கிடைக்குமென்றால் வேர்க்குருவும் மின்விசிறியும் ஒரு பொருட்டே இல்லை. அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "குழம்பு வெச்சமா? வெக்கலையில்ல. பந்தயம்னா பந்தயம்" என்றார். நான் எவ்வளவு மன்றாடியும் கேட்காமல் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டார். மறுநாள் மலையேறிவிட்டோம்.

நடுவட்டம் பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. என் குளிர், என் சந்தை, என் பழைய மாணவர்கள். அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் கணவர் அதற்குப் பிறகு பைக்காராவுக்கும் போகவில்லை. அது கூடப் பரவாயில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமலே வாழ்ந்த மனிதர் இப்போது எதற்கெடுத்தாலும் கேட்கிறார். "ஸ்வெட்டர் போட்டுக்கட்டுமா?" "கொட எடுத்துட்டுப் போகோணுமா?" "இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா?" டீத்தூள் எவ்வளவு போடுவது என்று கேட்கிறார், டீமேக்கர்! சீசனில் ஊட்டியிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி அவரிடம் வழி கேட்பார்கள். இந்த மலையில் அவருக்குத் தெரியாத பாதை கிடையாது. "அந்தக் கடைல கேட்டுக்குங்க" என்று கையைக் காட்டிவிடுவார். கேளுங்கள் கேளுங்கள் என்று முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். கிடைத்த வரம் இப்படியா இருக்க வேண்டும்? சில நாள் எனக்கு வருகிற எரிச்சலில் சமையல் பாத்திரமெல்லாம் நசுங்கிப்போகிறது.

ஹெட் கிளார்க் வருடா வருடம் கூப்பிடுகிறார். அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது, வேறொன்று பார்க்கலாம் என்கிறார். நானும் ஒவ்வொரு மே மாதமும் போகலாமா என்று கேட்கிறேன். "பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம் மத்தியானம், வாசலில் நாற்காலி போட்டு அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் எதிரே போய் நின்று மறைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நேராவே கேக்கறேன். கடலுன்னா பயமா?"

"இல்ல."

"அப்பறம் என்னங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எறங்குன்னா நீ எறங்கற. தண்ணி ஏறாதுன்னா நம்பிட்டு உக்காந்துருக்கற. கழுத்து மட்டும் போனப்பக் கூட ஒரு கேள்வி கேக்காம எம் பின்னால வந்தியே, அதான் புள்ள எனக்குப் பயம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருடமா? இதை மனசில் வைத்துக்கொண்டா, சட்டைக்குப் பொத்தான் போடட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்? அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"அப்படின்னா இந்தத் தடவ நான் முன்னால போறேன். நீங்க எம் பின்னால வாங்க."

"உனக்கு என்ன தெரியும் அங்க?"

"ஒண்ணுந் தெரியாது. கேட்டுக் கேட்டுப் போவேன்."

ஒரு கூடலூர் பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அவர் நாற்காலியை அது போன திசைக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, "எப்பப் போறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. "மழைக்கு முந்தி" என்றேன்.